மின்துறை நிபுணர் அமைச்சரானால் தாக்குப்பிடிக்க முடியுமா?

கேள்வி: எனக்கு 46 வயது. மின் பொறியாளர். லோடு டெஸ்பாட்ச் சென்டரில் (மின் உற்பத்தியையும் தேவையையும் சமன் செய்யும் கட்டுப்பாட்டு மையம்) வேலையைத் தொடங்கி, இப்போது ஒரு தனியார் கன்சல்டன்சியில் இருக்கிறேன். மின் கட்டண மனுக்கள், சூரிய மின்சாரக் கொள்முதல் ஒப்பந்தங்கள் எல்லாம் என் பொறுப்பு. தொலைக்காட்சி விவாதங்களிலும் பேசுகிறேன். சமீபத்தில் ஒரு கட்சியிலிருந்து அழைப்பு வந்தது. "சட்டமன்றத் தேர்தலில் நில்லுங்கள், ஆட்சிக்கு வந்தால் மின்துறை உங்களுக்குத்தான்" என்கிறார்கள். நோபல் பரிசு பெற்ற ஸ்டீவன் சூ அமெரிக்காவின் எரிசக்தி அமைச்சரான கதையைப் படித்ததிலிருந்து எனக்கும் ஆசை இருக்கிறது. என் துறை அறிவு அந்தப் பதவிக்குப் போதுமா? ஒத்துவராவிட்டால் பழைய தொழிலுக்கே திரும்பிவிட முடியுமா? - பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் "மின்துறை உங்களுக்குத்தான்" என்ற பேச்சை ஓர் ஓரமாக வைத்துவிடுங்கள். அழைத்தவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அந்த வாக்கைக் காப்பாற்றும் அதிகாரம் அவர் கையில் இல்லை. யாருக்கு எந்தத் துறை என்பது முதலமைச்சராக வருபவரின் முடிவு. பதவியேற்புக்கு முந்தின நாள் இரவு வரை பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். 2003இல் வந்த 91வது அரசியல் சட்டத் திருத்தத்தின்படி, சட்டமன்ற உறுப்பினர் எண்ணிக்கையில் 15 சதவீதத்துக்கு மேல் அமைச்சர்கள் இருக்கக் கூடாது. 234 பேர் கொண்ட சட்டமன்றம் என்றால் முதலமைச்சரையும் சேர்த்து 35 பேர். மாவட்டம், சமூகம், கூட்டணி, மூத்தவர்கள், போன தடவை இடம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டவர்கள் என்று எல்லாரையும் அதற்குள் அடக்கியாக வேண்டும். மின்துறையோ பெரிய பணம் புழங்குகிற துறை. கட்சிக்குள்ளேயே அதன்மேல் எத்தனை பேர் கண் வைத்திருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தோற்றாலும் அமைச்சராகலாம் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அது அரை உண்மைதான். அரசியல் சட்டத்தின் 164(4) பிரிவின்படி, உறுப்பினராக இல்லாதவரும் ஆறு மாதம் வரை மாநில அமைச்சராக இருக்கலாம். அதற்குள் உறுப்பினராகாவிட்டால் பதவி போய்விடும். பஞ்சாபில் ஒருவர் ஆறு மாதம் முடிகிற நேரத்தில் விலகி, எந்தத் தேர்தலிலும் ஜெயிக்காமல் அதே சட்டமன்றக் காலத்தில் மறுபடியும் அமைச்சரானார். அது செல்லாது என்று 2001இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. மத்திய அரசில் இதற்கு மாநிலங்களவை என்றொரு வாசல் உண்டு. ஜெய்சங்கர் 2019 மே மாதம் அமைச்சராகி, ஜூலையில் குஜராத்திலிருந்து மாநிலங்களவைக்குத் தேர்வானார். மாநிலத்தில் அந்த வசதி வேண்டுமென்றால் மேலவை இருக்க வேண்டும். ஆறு மாநிலங்களில்தான் அது இருக்கிறது. தமிழ்நாட்டில் 1986இலேயே கலைத்துவிட்டார்கள். ஆகவே மேலவை இல்லாத மாநிலத்தில் நிபுணரானாலும் சரி, யாரானாலும் சரி, ஒரு தொகுதியில் ஜெயித்தாக வேண்டும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் உதாரணம் காட்டும் ஸ்டீவன் சூ எந்தத் தொகுதிக்கும் போய் ஓட்டுக் கேட்டவர் அல்ல. அமெரிக்காவில் அமைச்சர்கள் சட்டமன்றத்தில் உட்காருவதில்லை. அதிபர் நியமிக்கிறார், செனட் ஒப்புதல் கொடுக்கிறது, அவ்வளவுதான். லேசர் கொண்டு அணுக்களைக் குளிர்வித்த ஆய்வுக்காக 1997இல் மற்ற இருவரோடு நோபல் பகிர்ந்துகொண்டவர் சூ. 2004 முதல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தின் இயக்குநர். அங்கே சூரிய ஆற்றல், உயிரி எரிபொருள் பக்கம் ஆய்வுகளைத் திருப்பினார். 2009 ஜனவரியில் ஒபாமா அமைச்சரவையில் சேர்ந்தார். பெரிய ஆய்வகத்தை நிர்வகித்த அனுபவம் அவருக்கு இருந்தது. அரசியல்தான் புதிது.

அவர் அறிவு துறைக்கு உதவாமல் இல்லை. 2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். கடலடிக் கிணற்றிலிருந்து எண்ணெய் கொட்டிக்கொண்டே இருந்தது. கிணற்றின் வாயில் இருந்த ராட்சத வால்வு அடுக்கு உள்ளே எந்த நிலையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. காமா கதிர்களைச் செலுத்தி உள்ளே பார்க்கலாம் என்று யோசனை சொன்னது சூ. ஓர் அமைச்சர் நேரடியாகத் தன் இயற்பியலைப் பயன்படுத்திய அபூர்வமான தருணம் அது. துணிச்சலான எரிசக்தி ஆய்வுகளுக்கு நிதி தரும் ஆர்பா-இ என்ற அமைப்பு 2009இல் 40 கோடி டாலரோடு செயல்படத் தொடங்கியதும் அவர் காலத்தில்தான்.

ஆனால் அவரை வாட்டி எடுத்த இரண்டு விஷயங்களை நீங்கள் இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். ஒன்று, அமைச்சராவதற்கு முன்பு சொன்ன ஒரு வாக்கியம். ஐரோப்பாவில் இருக்கிற அளவுக்கு அமெரிக்காவிலும் பெட்ரோல் விலையை ஏற்ற ஏதாவது வழி கண்டுபிடிக்க வேண்டும் என்று 2008 செப்டம்பரில் ஒரு பத்திரிகைப் பேட்டியில் சொன்னார். எரிசக்திப் பொருளாதாரம் படித்தவர்களுக்கு அது சாதாரணப் பேச்சு. விலை ஏறினால் எரிபொருள் வீணாவது குறையும், மாற்று எரிபொருளுக்கு இடம் கிடைக்கும் என்று வகுப்பில் சொல்லித்தரும் பாடம். மூன்றரை வருஷம் கழித்து, தேர்தல் ஆண்டில், பெட்ரோல் விலை உச்சத்துக்குப் போனபோது எதிர்க்கட்சியினர் அந்த வாக்கியத்தைத் தோண்டி எடுத்தார்கள். 2012 மார்ச்சில் செனட் குழு முன்னால் உட்கார்ந்து, இப்போது எனக்கு அந்தக் கருத்து இல்லை என்று அவர் சொல்ல வேண்டியதாயிற்று. நோபல் அறிஞர் தன் துறையின் அரிச்சுவடியை வாபஸ் வாங்கியதாகப் பலர் கிண்டல் செய்தார்கள். எனக்கு அதில் கிண்டல் தோன்றவில்லை. ஆய்வாளராக இருந்தபோது அது ஒரு கருத்து. அமைச்சரானதும் அதே சொற்கள் விலையேற்ற அறிவிப்பு மாதிரி கேட்டன.

இன்னொன்று சொலிண்ட்ரா. 2009இல் பொருளாதார மீட்புத் திட்டத்தின் கீழ் எரிசக்தித் துறைக்கு 3,500 கோடி டாலருக்கு மேல் வந்தது. அந்தக் காலத்தில் சொலிண்ட்ரா என்ற சூரியத் தகடு நிறுவனத்துக்கு 53.5 கோடி டாலர் கடன் உத்தரவாதம் தரப்பட்டது. சிலிக்கான் விலை உச்சத்தில் இருந்த நேரம். சிலிக்கான் இல்லாமல் குழாய் வடிவத்தில் தகடு செய்தது இந்த நிறுவனம். அப்புறம் சிலிக்கான் விலை சரிந்தது, சீனத் தகடுகள் மலிவாக வந்து குவிந்தன. 2011 செப்டம்பரில் சொலிண்ட்ரா திவால். அதற்குச் சில மாதம் முன்பு, நிறுவனத்தை எப்படியாவது பிழைக்க வைக்க, புதிதாக 7.5 கோடி டாலர் போட்ட தனியார் முதலீட்டாளர்களுக்கு அரசின் கடனை விட முன்னுரிமை கொடுத்திருந்தார்கள். நாடாளுமன்றக் குழு அதைத்தான் பிடித்துக்கொண்டது. அந்த நவம்பரில் சூ மணிக்கணக்கில் பதில் சொன்னார். இறுதி முடிவு என்னுடையது என்று பொறுப்பை ஏற்றுக்கொண்டார். அதே துறை 2010இல் டெஸ்லாவுக்கு 46.5 கோடி டாலர் கடன் கொடுத்து, 2013இல் அது முழுவதும் திரும்பி வந்தது. அதற்காக யாரும் அவரைக் கூப்பிட்டுப் பாராட்டவில்லை. பத்துத் திட்டத்தில் இரண்டு தோற்பது ஆய்வகத்தில் நல்ல கணக்கு. மக்கள் வரிப்பணத்தில் அந்த இரண்டுக்கும் பெயர் உண்டு, படம் உண்டு, எதிர்க்கட்சியின் விளம்பரம் உண்டு.

சூவுக்கு அடுத்து அதே நாற்காலியில் வந்த எர்னஸ்ட் மோனிஸையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவரும் இயற்பியல் பேராசிரியர்தான், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில். ஆனால் 1990களிலேயே வெள்ளை மாளிகை அறிவியல் அலுவலகத்தில் இருந்தார். 1997 முதல் 2001 வரை அதே எரிசக்தித் துறையில் துணைச் செயலாளர். கோப்பு எங்கே நிற்கும், நாடாளுமன்ற உறுப்பினரைக் கூட்டத்துக்கு முன்பே எப்படிப் போய்ப் பார்க்க வேண்டும், அணு ஆயுதப் பராமரிப்புக்கே பட்ஜெட்டில் பெரும் பங்கு போகிற துறை அது என்பதெல்லாம் 2013இல் அமைச்சராக வரும்போதே அவருக்குத் தெரியும். 2015 ஈரான் அணு ஒப்பந்தப் பேச்சில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவர் அலி அக்பர் சாலிஹி. அவர் 1977இல் எம்.ஐ.டி.யில் அணுப் பொறியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். சாலிஹிக்குப் பேரக் குழந்தை பிறந்த செய்தி கேட்டு, எம்.ஐ.டி. முத்திரை போட்ட குழந்தைப் பரிசுகளை மோனிஸ் கையோடு கொண்டுபோனார். யுரேனியச் செறிவூட்டல் 3.67 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, இருப்பு 300 கிலோவுக்கு மேல் கூடாது என்ற எண்களை அந்த இருவரும்தான் உட்கார்ந்து பேசித் தீர்த்தார்கள். நிபுணர் ஒருவர் அமைச்சராக இருந்ததால்தான் நடந்தது என்று தயங்காமல் சொல்லக்கூடிய காரியம் இது. 2018இல் அடுத்த அதிபர் அந்த ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்காவை வெளியே எடுத்துவிட்டார் என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். துறை அறிவு போதுமா? மின்துறைச் செயலகத்திலும் அப்புறம் ஒழுங்குமுறை ஆணையத்திலும் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அறிவு குறைவாக இருந்ததால் திணறிய அமைச்சரை நான் அதிகம் பார்த்ததில்லை. அதைத் தருவதற்குக் கீழே ஆட்கள் இருக்கிறார்கள். ஓர் அமைச்சர் மேஜைக்கு வருகிற கோப்பு எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன்.

ஆணையம் புதிய கட்டணத்தை அறிவித்திருக்கிறது. வீட்டு இணைப்புகளில் கீழ்ப்படியில் இருப்பவர்களுக்கும் கொஞ்சம் ஏறுகிறது. கட்டணத்தை நிர்ணயிப்பது ஆணையம்தான், அமைச்சர் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். பில்லைக் கையில் வைத்திருப்பவருக்குத் தெரியாது, அவர் அமைச்சரைத்தான் திட்டுவார். ஏற்றத்தைத் தடுக்க வேண்டுமா? 2003 மின்சாரச் சட்டத்தின் 65வது பிரிவுப்படி, அரசு அந்தத் தொகையை மானியமாக முன்கூட்டியே மின் நிறுவனத்துக்குக் கட்ட வேண்டும். கோப்பில் நிதித்துறையின் குறிப்பு இரண்டே வரி, "இந்த நிதியாண்டில் கூடுதல் மானியத்துக்கு வழியில்லை." அடுத்த பக்கத்தில் மின் நிறுவனத்தின் குறிப்பு. கட்டணம் ஏறாவிட்டால் நிலக்கரிக்கும் காற்றாலைக்காரர்களுக்கும் பாக்கி இன்னும் கூடும், வங்கி புதிய கடன் தராது. கோப்பில் இல்லாத ஒரு பக்கமும் உண்டு. நாலு மாதத்தில் உள்ளாட்சித் தேர்தல், மாவட்டச் செயலாளர்கள் ஒருவர் விடாமல் போன் செய்துவிட்டார்கள்.

ஒரு யூனிட்டுக்கு உண்மையான செலவு எவ்வளவு என்பது உங்களுக்கு அத்துப்படி. அதை அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. நிதியமைச்சரிடமிருந்து நீங்கள் பணம் வாங்க முடியுமா, முதலமைச்சர் உங்கள் பக்கம் நிற்பாரா, வாங்க முடியாவிட்டால் ஏற்றத்தை யார் தலையில் வைப்பது, அதைச் செய்தியாளர்கள் முன்னால் எப்படிச் சொல்வது, இவைதான் கேள்விகள். இந்த இடத்தில் நிபுணர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பதில் கையில் இல்லாதபோது அட்டவணையைத் திருத்த உட்கார்ந்துவிடுவார்கள். குறிப்பில் ஓர் இழப்பு சதவீதம் தவறாக இருக்கும். அதைப் பிடித்து அதிகாரியை நிற்கவைத்துக் கேள்வி கேட்பார்கள். கோப்பு அப்படியே கிடக்கும். துறையே தெரியாமல் வந்த ஓர் அமைச்சர், "இதை இப்போது செய்யாவிட்டால் யாருக்கு முதலில் வலிக்கும்?" என்று ஒரே கேள்வி கேட்டு முடிவெடுத்ததையும் பார்த்திருக்கிறேன். அறிவு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதிகாரிகள் உங்களை ஏமாற்றுவது கடினமாகும், மலிவாக மின்சாரம் தருகிறேன் என்று வருகிற விற்பனையாளர் உங்களிடம் பத்து நிமிஷம் தாங்க மாட்டார். அந்த லாபம் பெரியதுதான்.

காலையில் வீட்டு வாசலில் நிற்கிற கூட்டத்தில் மின்தொகுப்பைப் பற்றிப் பேச ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள். மகனுக்குப் பணியிட மாற்றம், விவசாய இணைப்பில் முன்னுரிமை, ஊருக்குக் கூடுதல் டிரான்ஸ்பார்மர், ஒப்பந்த ஊழியர்களின் கோரிக்கை. இதை இடையூறு என்று நினைத்தால் இந்த வேலைக்குப் போக வேண்டாம். அதுதான் வேலை.

நிபுணருக்கு இன்னொரு சங்கடமும் காத்திருக்கிறது, அதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். 2012 ஜூலை 30, 31 இரண்டு நாளும் வட இந்திய மின்தொகுப்பு சரிந்தது. இரண்டாம் நாள் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழுந்தன. 60 கோடிப் பேருக்கு மேல் பாதிப்பு. தென்னகத் தொகுப்பு அன்று தனியாக இருந்ததால் நாம் தப்பித்தோம், ராய்ச்சூர்-சோலாப்பூர் பாதை வழியாக இணைந்தது 2013 கடைசி நாளில்தான். அப்போது மின்துறை அமைச்சர் சுஷில்குமார் ஷிண்டே. தொகுப்பு இரண்டாவது தடவை விழுந்த அதே நாளில் அவர் உள்துறை அமைச்சரானார்! விமர்சனம் வந்தது, ஆனால் தொழில்நுட்பம் தெரியாதா என்று அவரை யாரும் கேட்கவில்லை, அவர் பொறியாளர் இல்லையே.

இப்போது இலங்கைக்கு வாருங்கள். 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்க மின்தடை. அப்போதைய எரிசக்தி அமைச்சர் குமார ஜயக்கொடி ஒரு பொறியாளர். குரங்கு ஒன்று டிரான்ஸ்பார்மரில் பட்டதால் அமைப்பில் சமநிலை குலைந்தது என்று விளக்கம் சொன்னார். பாணந்துறை துணை மின்நிலையத்துக் குரங்கு உலகப் புகழ் அடைந்தது. லோடு டெஸ்பாட்சில் இருந்த உங்களுக்கு மீதிக் கதை புரியும். ஞாயிறு பகல், தேவை குறைவு, கூரைச் சூரிய மின்சாரம் அதிகம், சுழலும் எந்திரங்கள் குறைவாக ஓடுவதால் தொகுப்புக்கு அதிர்ச்சியைத் தாங்கும் நிலைமம் போதாது. அந்த நிலையில் சின்ன அதிர்ச்சியும் பெரிதாகும், குரங்கு தொட்டது ஒரு தொடக்கம்தான். மின்சார சபை பிறகு கொடுத்த விளக்கமும் இந்த வழியில்தான் போனது. ஆனால் முதல் வாக்கியம்தான் நிற்கிறது. ஒரு பொறியாளரே இப்படிச் சொல்கிறாரே என்பதால்தான் கேலி இரட்டிப்பானது. விசாரித்துச் சொல்கிறேன் என்ற வாக்கியத்தை மற்ற அமைச்சர்கள் கூசாமல் சொல்வார்கள். உங்கள் வாயில் வருமா? தொலைக்காட்சி விவாதத்தில் உடனே காரணம் சொல்லிப் பழகியவர் நீங்கள்.

நம் நாட்டு உதாரணம் ஒன்றையும் சொல்ல வேண்டும். சூவை விட இவர்தான் உங்களுக்குப் பொருத்தம். டாக்டர் கே.எல்.ராவ். கிருஷ்ணா மாவட்டத்துக்காரர். பர்மிங்காமில் முனைவர் பட்டம், அப்புறம் மத்திய நீர், மின் ஆணையத்தில் வடிவமைப்புப் பிரிவில் உயர் பதவி. நாகார்ஜுன சாகர் அணையோடு அவர் பெயர் சேர்ந்தே பேசப்படும். 1962இல் விஜயவாடாவில் நின்று மக்களவைக்குப் போனார். 1963இல் நீர்ப்பாசனம், மின்சாரத் துறை அமைச்சர். நேரு, சாஸ்திரி, இந்திரா என மூன்று பிரதமர்கள் காலத்திலும் பொறுப்பில் இருந்தார். 1967, 1971 தேர்தல்களிலும் அதே விஜயவாடாவில் ஜெயித்தார். பொறியாளராகப் பெயர் வாங்கினார், ஆனால் காலூன்றி நின்றது தொகுதியில். பிரதமர் மாறினாலும் அவர் மாறாமல் இருந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

அவர் விஷயத்திலும் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. 1972இல் அவர் முன்வைத்ததுதான் கங்கை-காவிரி இணைப்புத் திட்டம். பாட்னாவுக்கு அருகே கங்கையிலிருந்து விநாடிக்கு 60,000 கன அடி நீரை ஆண்டில் சுமார் 150 நாள் எடுத்து, 2,640 கிலோமீட்டர் தெற்கே கொண்டுவருவது. தென்னிந்தியாவில் இன்றும் அந்தக் கனவுக்கு மவுசு குறையவில்லை. ஆனால் அவ்வளவு நீரையும் மேட்டில் ஏற்ற 5,000 முதல் 7,000 மெகாவாட் மின்சாரம் வேண்டும் என்று கணக்கு வந்தது. 1974 மார்ச்சில் நாட்டின் மொத்த நிறுவுதிறனே சுமார் 16,660 மெகாவாட்தான். செலவைக் குறைத்து மதிப்பிட்டிருக்கிறது, வெள்ளத் தடுப்புக்கும் பயன் இல்லை என்று மத்திய நீர் ஆணையம் சொல்லித் திட்டம் ஏற்கப்படவில்லை. மின்சாரமும் நீரும் இரண்டுமே தெரிந்த மனிதருக்கு இந்தக் கணக்கு தெரியாமலா இருந்திருக்கும்? பெரிய எண்ணம் ஒன்று மனதில் உட்கார்ந்துவிட்டால் நிபுணருக்கும் தராசு சாயும். இங்கே அவர் வளர்ந்த துறையே மறுப்புச் சொன்னது. உங்களுக்கும் மின்கலச் சேமிப்பு நிலையம், நீரேற்று மின்திட்டம் என்று ஏதாவது ஒரு செல்லத் திட்டம் இருக்கும். நீங்கள் அமைச்சரானபின் கீழே இருப்பவர்கள் "முடியாது மேடம்" என்று சொல்கிற மாதிரி அலுவலகத்தை வைத்திருக்க முடியுமா என்று பாருங்கள். நம் செயலகங்களில் அது தானாக நடப்பதில்லை.

பழைய தொழிலுக்குத் திரும்புவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சூ 2013இல் ஸ்டான்போர்டுக்குத் திரும்பினார், மோனிஸ் எம்.ஐ.டி.க்கு. பல்கலைக்கழகம் அவர்களுக்காக நாற்காலி வைத்திருந்தது. கன்சல்டன்சியில் அப்படி இல்லை. கட்சிக் கொடியோடு ஒரு தடவை நின்றுவிட்டால், ஆணையத்தின் முன் சாட்சியாக வரும்போது எதிர் வக்கீல் முதல் கேள்வியிலேயே அதை எடுப்பார். வேலை கிடைக்கும், ஆனால் உங்கள் கணக்கைக் கேட்டு வந்தவர்கள் போய், உங்கள் தொடர்புகளைக் கேட்டு வருகிறவர்கள் மிஞ்சுவார்கள். அது வேறு தொழில். பிடிக்குமா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கன்சல்டன்சி விஷயத்தில் இன்னொரு சிக்கல், இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமைச்சர்களுக்கான நடத்தை விதிகள் சொத்தையும் கடனையும் அறிவிக்கச் சொல்கின்றன. பதவியேற்குமுன் எந்தத் தொழிலின் நிர்வாகத்திலும் இருக்கிற தொடர்பை அறுத்துக்கொள்ளவும் சொல்கின்றன. நீங்கள் பங்கை விற்றுவிட்டு வந்தாலும், சூரிய மின்சார நிறுவனங்களுக்காக யூனிட்டுக்கு என்ன விலை கேட்டு மனுப் போட்டீர்களோ அந்த மனு ஆணையத்தில் இருக்கும். அதே நிறுவனத்தின் ஒப்பந்தக் கோப்பு உங்கள் மேஜைக்கு வந்தால் கையெழுத்துப் போட்டாலும் பிரச்சினை, போடாவிட்டாலும் பிரச்சினை. இப்போதே ஒரு நாள் உட்கார்ந்து, யார் யாருக்கு வேலை செய்தோம், விவாதங்களில் இலவச மின்சாரத்தைப் பற்றி என்னென்ன பேசினோம் என்று எழுதிப் பாருங்கள். சூவுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு வாக்கியம். உங்களுக்கு மணிக்கணக்கில் வீடியோ இருக்கிறது. அதற்காகப் பேசியதை மறுக்க வேண்டியதில்லை, எதை இன்னும் நம்புகிறீர்கள், எதற்கு விளக்கம் தர வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

என் யோசனையைக் கேட்டால், இந்தத் தேர்தலில் நிற்க வேண்டாம். அரசியலே வேண்டாம் என்று சொல்லவில்லை. மோனிஸ் வந்த மாதிரி ஒரு படி கீழே இருந்து தொடங்குங்கள். கட்சியின் தேர்தல் அறிக்கையில் மின்சாரப் பகுதியை எழுதித் தரக் கேட்டால் எழுதுங்கள். அதில் மானியத்துக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற பத்தியை அவர்கள் வைத்துக்கொள்கிறார்களா, வெட்டுகிறார்களா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். ஆட்சிக்கு வந்தபின் திட்டக்குழு மாதிரியான இடத்தில் பொறுப்புக் கேளுங்கள். கோப்பு உங்கள் வழியாகப் போகிற பதவியாக இருக்கட்டும், வெறும் ஆலோசகர் என்ற பட்டம் வேண்டாம். ஒழுங்குமுறை ஆணைய உறுப்பினர் பதவி ஒரு நல்ல வழிதான், ஐந்து வருஷம் இருக்கலாம். ஆனால் மறுநியமனம் கிடையாது, விலகியபின் இரண்டு வருஷம் தனியார் வேலையும் கூடாது என்று மின்சாரச் சட்டத்தின் 89வது பிரிவு சொல்கிறது. அதோடு அந்தப் பதவிக்குக் கட்சிக்காரராகப் போவது எனக்குப் பிடிக்காது. அரசியலா, ஆணையமா என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். 46 வயதில் இதற்கெல்லாம் நேரம் இருக்கிறது.

இல்லை, இப்போதே நின்றுதான் தீருவேன் என்றால், அடுத்த சந்திப்பில் துறையைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். எந்தத் தொகுதி என்று கேளுங்கள். போன தேர்தலில் அங்கே கட்சி வாங்கிய ஓட்டு எவ்வளவு, உள்ளூர் ஒன்றியச் செயலாளர் உங்களை ஏற்றுக்கொள்வாரா என்று கேளுங்கள். சட்டமன்ற வேட்பாளர் செலவு வரம்பு 40 லட்சம் ரூபாய், அந்தக் கணக்கில் எது உங்கள் கைப்பணம் என்றும் கேளுங்கள். தோற்றால் அடுத்த ஐந்து வருஷம் அந்தத் தொகுதியிலேயே இருக்க வேண்டும் என்கிறார்களா, அல்லது மறந்துவிடுவார்களா என்பதையும் அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். துறை பற்றிப் பேசியபோது இருந்த உற்சாகம் இந்தக் கேள்விகளுக்கும் இருந்தால், எனக்கு மறுபடி எழுதுங்கள். வேலையை எப்போது ராஜினாமா செய்வது, நிறுவனப் பங்கு இருந்தால் அதை எப்படி விடுவது என்று அப்போது பேசலாம்.